கம்பியில் செய்த மாமா

என் வீட்டு பால்கனியில் துணி காயப்போட இடமே இல்லை என்பது அக்காவின் நெடுநாள் புகார். சாந்தோமில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, மூன்றாவது மாடியில் இருக்கிறேன். சின்ன பால்கனி. அதில் பாதியை ஒரு பழைய பள்ளிக்கூட மேசை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேசைமேல் இரண்டு குறடு, ஓர் அரம், கட்டுக்கம்பிச் சுருள்கள், ஏழெட்டு பிஸ்கட் டப்பாக்கள். டப்பாக்களில் பட்டன், சாவி, கடிகாரத்தின் பல்சக்கரம், குக்கர் வெயிட், பூட்டில்லாத கொக்கி, உடைந்த கொலுசு என்று யாருக்கும் வேண்டாத எல்லாம் இருக்கும்.

முப்பது வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். உடைந்த மின்சார மணி, சுருள் தளர்ந்த ஸ்பிரிங், காந்தம் போன காந்த ஊசி எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். தேர்வு நடக்கும் நாட்களில் ஆய்வகம் பூட்டியே கிடக்கும். அப்படி ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், மணியிலிருந்து உருவிய செம்புக்கம்பியில் ஒரு காக்கா செய்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, எதிரில் இருப்பவரை நம்பாத காக்கா. அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் மாலை நேரம் முழுக்க எனக்கே சொந்தம். டீ வடிகட்டியில் ஆமை செய்தேன். ஸ்கூட்டர் ஓட்டும் பூனை செய்தேன். கொண்டை ஊசிகளை வளைத்து ஒரு கொக்கு செய்து, அதை ஒரு மேடைமேல் நிறுத்தினேன். மந்தைவெளியில் நான் போகும் காயலான் கடைக்காரர், கம்பி பொறுக்கப் போகும்போதெல்லாம், "இன்னா டீச்சர், இந்த வாட்டி இன்னா மிருகம்?" என்று கேட்பார். நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியும் அவர் கேட்பதாக இல்லை.

அக்காவுக்கு இதெல்லாம் குப்பை. அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவள். ஆனால் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், அவருக்கு என் பால்கனி என்றால் உயிர். ஆண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேரே பால்கனிக்குத்தான் போவார். புதிதாகச் செய்திருப்பதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கு ஒரு பேர் வைப்பார். மேடையில் நின்ற கொக்குக்கு அவர் வைத்த பேர், 'பிரசங்கத்தை முடிக்கத் தெரியாத கொக்கு'. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கோயிலில் யார் காதிலாவது விழுந்துவிடும் என்பதுபோல.

அந்த மாமா ஒரு ஜனவரியில் போய்விட்டார். நெஞ்சுவலி என்று சேர்த்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஐந்தாம் நாள் இல்லை. ஒரே மகள் வெளிநாட்டிலிருந்து வந்து, இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டேன். அவர் இருந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பெரிய மழை பிடித்தது. வேளச்சேரியில் தண்ணீர் நிற்பது புதிதில்லை. ஆனால் அந்த முறை வாசலில் நிற்கவில்லை. ஒரே இரவில் கட்டில் உயரத்துக்கு ஏறிவிட்டது. இரண்டாவது மாடியில் குடியிருந்த ஓர் அம்மாவும் அவர் மகனும் இறங்கிவந்து அக்காவைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போயிருக்கிறார்கள். இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், ஷேர் ஆட்டோ போகிற வரைக்கும் போய், மிச்சத்தை முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். அக்கா வேறொருவர் வீட்டு சோபாவில், வேறொருவருடைய நைட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவையில்லாமல் ஒருநாளும் அவளை வெளியாட்கள் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "காப்பி குடிச்சியா?" என்று கேட்டாள்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டைத் திறந்தோம். தரை முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. பீரோ கவிழ்ந்து கிடந்தது. மெத்தை ஊறிப் பெருத்திருந்தது. மாமாவின் புத்தகங்கள் செங்கல் செங்கல்லாக ஒட்டிப்போயிருந்தன. அக்கா வாசல்படியில் நின்றபடி உள்ளே ஒரு தடவை பார்த்தாள். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடு. எனக்கு எதையும் காட்டாதே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

தெருமுனையில் எல்லார் வீட்டுச் சாமானும் மலைபோல் குவிந்திருந்தது. கூலிக்கு இரண்டு பேரை வைத்து நானும் சேர்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். சேற்றுக்குள் கை விட்டால் எது அகப்படும் என்று தெரியாது. மாமாவின் குடை அகப்பட்டது. துணி கிழிந்து, கம்பி மட்டும் நின்றது. கரும்பலகையில் வட்டம் போட அவர் வைத்திருந்த பெரிய மரக் கவராயம் அகப்பட்டது. ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். ரேடியோவின் உள்ளிருந்த செம்புச் சுருள், சைக்கிள் மணி, அப்புறம் அவருடைய மூக்குக்கண்ணாடி. தங்க நிற உலோக பிரேம். ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை. இவற்றையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குப்பைக்குப் போவதை எடுக்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவை சாந்தோமுக்குக் கூட்டிவந்துவிட்டேன். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன். பேச்சு குறைந்துபோயிருந்தது. காலையில் ஆறு மணி பூசைக்குப் போவாள். வந்து இட்லி சாப்பிடுவாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கிறிஸ்துமஸ் நெருங்கியது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை.

அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்றுதான் அதை ஆரம்பித்தேன். மாமாவின் முதல் ஆண்டு நினைவு ஜனவரியில் வருகிறது. அதற்குள் அவருடைய சாமான்களிலிருந்தே அவரைச் செய்துவிடலாம் என்று தோன்றியது. மாமாவின் நடை தனி. உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு, பஸ் கிளம்பிவிடும் என்பதுபோல் நடப்பார். பஸ்ஸுக்குப் போகாதபோதும் அப்படித்தான். கவராயத்தை விரித்து நிறுத்திப் பார்த்தேன். அதுதான் அவர் கால். அதற்குமேல் ரேடியோச் சுருளில் உடம்பு. குடைக்கம்பிகளை வெட்டி ஒரு சின்னக் குடை, துணியில்லாமல். முகத்துக்கு மூக்கும் தாடையும் மட்டும் தெரிகிற மாதிரி மெல்லிய கம்பி. அதன்மேல் அவருடைய நிஜக் கண்ணாடி. முகத்தைவிடக் கண்ணாடி பெரிதாக இருந்தது. அதில்தான் வேடிக்கையே. காதில் மாட்டும் கம்பி இரண்டும் நீளமாகப் பின்னால் துருத்திக்கொண்டு நின்றன. ஒன்றை அப்படியே சுருட்டிக் காதாக்கினேன். இன்னொன்று வளையவில்லை. கட்டிங் ப்ளேயரால் பாதியில் வெட்டினேன்.

அக்கா பூசைக்குப் போகிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு வேலை நேரம். அவள் படியிறங்கும் சத்தம் நின்றதும் மேசைக்கு ஓடுவேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். மாமா போன துக்கம் ஒரு பக்கம், அக்காவின் வீடு போன துக்கம் ஒரு பக்கம். ஆனாலும் கம்பி கைக்குள் வளைந்து அவர் தோளாக மாறும்போது என் மனசுக்குள் ஒரு பாட்டு ஓடும். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பாதி வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலை, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

"மாமா கண்ணாடி உன் கண்ணுல பட்டுச்சா?"

"இல்லையேக்கா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பட்டென்று வந்துவிட்டது. கண்ணாடி அப்போது பால்கனி மேசைக்கு அடியில், துணி சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. ஆண்டு நாளன்று அதைப் பார்க்கும்போது எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றுதான் என் நினைப்பெல்லாம் ஓடியது. அவள் தலையை ஆட்டினாள். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள், ரேஷன் கார்டு நனைந்துபோனதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வேளச்சேரிக்குப் போய்வந்தாள். நான் வருகிறேன் என்றால் வேண்டாம் என்றாள். திரும்பி வரும்போது புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. தெருவெல்லாம் இன்னும் அப்படித்தான் கிடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் இல்லாத நேரம் கூடக் கிடைத்ததில் குடையை முடித்துவிட்டேன்.

ஆண்டு நாளன்று காலையில் பூசை. முடிந்ததும் உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கூடத்து மேசையில் மாமாவின் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் நான் செய்ததை வைத்து ஒரு துண்டால் மூடியிருந்தேன். எல்லாரும் உட்கார்ந்ததும் துண்டை எடுத்தேன்.

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். மாமாவின் தம்பி எழுந்துவந்து, அண்ணனேதான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தத் தம்பியின் மகள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

அவள் மெதுவாக எழுந்துவந்தாள். உருவத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தாள். வெட்டுப்பட்ட முனையை விரலால் தொட்டாள். கூர்மையாக இருந்திருக்கும், விரலை எடுத்துக்கொண்டாள்.

"இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் இலை போடச் சொன்னாள். பரிமாறினாள். மாமாவின் தம்பிக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எல்லாரும் போன பிறகு பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். மறுவாரம், சுவரில் ஈரம் காயாத அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டாவது மாடி அம்மா எனக்குப் போன் செய்தது அதற்கப்புறம். அக்கா வந்து சேர்ந்துவிட்டாள், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு மூன்று நாள் உங்கள் அக்கா தெருமுனைக் குப்பையில் ஒரு கழியை வைத்துக்கொண்டு தேடினார்களே, அந்தக் கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டார். மாநகராட்சி ஆட்கள் லாரியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டு அவளுக்காகக் கிளறிப் பார்த்தார்களாம். மாமா போனதிலிருந்து தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைத்து அவர் தலையணைப் பக்கம் வைப்பது அவள் வழக்கமாம். எனக்கு இது தெரியாது. அவளிடம் நான் கேட்டதும் இல்லை. மாடி வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

போனை வைத்துவிட்டு நேராக பால்கனிக்குப் போனேன். மேசைமேல் மாமா குடையோடு நடந்துகொண்டிருந்தார். குறடை எடுத்து அவரைப் பிரிக்க ஆரம்பித்தேன். செய்வதற்கு ஐந்து வாரம் ஆனது, பிரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு லஸ் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடல் இப்போது வருவதில்லை, வேறு கம்பிதான் போட முடியும், நிறம் ஒத்துவராது என்றார். போடச் சொன்னேன். சுருட்டியிருந்த இன்னொரு கம்பியை அவரால் முடிந்த மட்டும் நிமிர்த்திக் கொடுத்தார்.

அதையும் கவராயத்தையும் மற்றவற்றையும் ஒரு பையில் போட்டு வேளச்சேரிக்குப் போய் அக்காவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தாள். மடித்துப் பார்த்தாள். புதுக் கம்பி சரியாகப் படியாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, அப்படியே பீரோவுக்குள் வைத்தாள். கவராயத்தைப் பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்தது.

நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்த அக்கா தங்கை இல்லை. அடுத்த வருஷங்களில் வாரம் ஒருதரம் போய்ப் பார்த்தேன். மீன் குழம்பு கொண்டுபோனால் சாப்பிட்டாள். ஈஸ்டருக்கு என் வீட்டுக்கு வந்தாள். ஆனால் பால்கனிப் பக்கம் போகமாட்டாள். துணி காயப்போட இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று காத்திருப்பேன். சொல்லவே இல்லை. பேசுகிற விஷயங்கள் எல்லாம் மருந்து, மாவு, மகளின் போன் என்று நின்றுவிட்டன. அவளோடு தனியாக இருக்கும்போது நான் பேச்சைத் தேட ஆரம்பித்தேன். அதற்குமுன் எங்களுக்குள் அது வேண்டியிருந்ததில்லை.

அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தபின் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போவேன். ஒருதடவை மயிலாப்பூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு, அவளை வேளச்சேரியில் விடப் பறக்கும் ரயிலில் போனோம். மத்தியான நேரம், பெட்டியில் கூட்டமில்லை. கோட்டூர்புரத்துக்குப் பக்கத்தில் ஆற்றைத் தாண்டும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அந்தக் கண்ணாடி... நான் உன்கிட்ட பொய் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய கை மடியில் இருந்தது.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவருக்குப் பிடிச்சிருக்கும்" என்றாள்.

ஸ்டேஷன் வந்தது. யாரோ ஏறினார்கள். அவள் பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்து, எதை எப்போது போட வேண்டும் என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அக்கா இறந்துபோனாள்.

மகள் வந்திருந்தாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவளும் நானும் வேளச்சேரி வீட்டைக் காலி செய்ய உட்கார்ந்தோம். பீரோவைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்தாள். ஒன்றும் கேட்காமல் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு புடவைகளை மடித்துக்கொண்டே, "சித்தி, நீங்க செஞ்ச அப்பா எங்க இருக்கு? உங்க வீட்டுலயா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் போனை நீட்டினாள். ஆண்டு நாளன்று எடுத்த படம். மாமாவின் தம்பி மகள் அன்றைக்கே அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். லீவு கிடைக்காமல் அந்த வருஷம் வர முடியாமல் போனவள், அங்கே தனியாக அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாள். அப்பா அப்படியே வாசலைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது, பல நாள் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன் என்றாள். அம்மாவுக்கு அதில் வருத்தம் என்று தெரிந்ததால் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்டு வாங்கிப் போகலாம் என்று பெட்டியில் இடம் விட்டு வந்திருக்கிறாள்.

"அதைப் பிரிச்சுட்டேன்மா" என்றேன்.

"அம்மா பிரிக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான்."

அவள் கையிலிருந்த புடவையை மடித்து மற்றவற்றின்மேல் அடுக்கினாள். எடுக்கும்போதும் யாரையும் கேட்கவில்லை, பிரிக்கும்போதும் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கு அக்காவுக்காகச் செய்கிறேன் என்று நினைத்தேன், பிறகு அக்காவுக்காகப் பிரிக்கிறேன் என்று நினைத்தேன். அவள் அதை ஒருநாளும் குப்பை என்று சொல்லவில்லை, எடுத்துவிடு என்றும் சொல்லவில்லை. நான் அவசரப்பட்டதெல்லாம் என் மனசு தாங்காமல்தான். இது அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். கஷ்டப்பட வேண்டாம் என்றாள். படத்தை மட்டும் எனக்கு அனுப்பிவைத்தாள். வீட்டைப் பெருக்கி, சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்தோம். அடுத்த வாரம் அவள் கிளம்பிப் போனாள்.

படத்தை எதிரில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். காயலான் கடையில் தேடி ஒரு பழைய கவராயம் வாங்கிவந்தேன். அது சின்னது. குடைக்கம்பி கிடைத்தது, செம்புச் சுருளும் கிடைத்தது. முதலில் செய்தது ஒரு போலீஸ்காரர் மாதிரி நிமிர்ந்து நின்றது. இரண்டாவது, கால் வலிக்கிறவர் மாதிரி நடந்தது. மூன்றாவதைச் செய்து முடித்தபோது முதுகு சரியாக வந்த மாதிரி தோன்றியது. மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் யாரோ ஒரு கிழவர். இப்படி ஐந்து செய்தேன், நான்கைப் பிரித்துப் போட்டேன். ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. எனக்கும் கண் முன்னைப்போல் இல்லை. மெல்லிய கம்பி இரண்டாகத் தெரிகிறது.

ஐந்தாவதை உடனே பிரிக்கவில்லை. படம் எடுத்து அவளுக்கு அனுப்பி, இது உன் அப்பா மாதிரி வரவில்லை, இருந்தாலும் உனக்கு வேண்டுமா என்று கேட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வேண்டாம் சித்தி, பரவாயில்லை என்று எழுதியிருந்தாள்.